டேப்பைப் பிடிப்பது: ட்ரில் சக்கிலும் மில்லிங்கிலும்

துளை போட்டாயிற்று. வேலையை அசைக்காமல் ட்ரில்லை மட்டும் கழற்றிவிட்டு, அதே சக்கில் டேப்பை மாட்டினால் மரை நேராக வரும் என்று எண்ணி மாட்டுகிறோம். எண்ணம் சரிதான். நான்கைந்து சுற்று ஒழுங்காக இறங்குகிறது. அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம். சக் சுற்றுகிறது, டேப் நிற்கிறது. கழற்றிப் பார்த்தால் ஷாங்கைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல். இறுக்கியது போதவில்லை என்று சக் கீயில் ஒரு பைப்பைச் செருகி மறுபடி இறுக்குகிறவர்கள் உண்டு. கீயின் பல் மழுங்கும், சக்கின் பல் தேயும், டேப் திரும்பவும் வழுக்கும்.

கையில் பலம் போதாததால் வருகிற கோளாறு இல்லை இது. ட்ரில்லுக்கும் டேப்புக்கும் வெட்டும் விதமே வேறு. ட்ரில் கடினமாகப் போகிறது என்று தெரிந்தால் கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தலாம்; மெலிதாக வெட்டும், முறுக்கு குறையும். டேப்பில் அந்த வசதி கிடையாது. சுற்றுக்கு ஒரு பிட்ச் என்று தன்னைத் தானே இழுத்துக்கொண்டு இறங்கும். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை மரையே முடிவு செய்கிறது. அதற்கான முறுக்கை நாம் கொடுத்தே ஆகவேண்டும்.

அந்த முறுக்கு எவ்வளவு என்று ஒரு மனக்கணக்குப் போடலாம். எம்.எஸ். இரும்பில், கூரான டேப்புக்கு, பிட்சின் வர்க்கத்தை விட்டத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் தோராயமான முறுக்கு நியூட்டன் மீட்டரில் வரும். எம்6 டேப்புக்கு 1.5. எம்8-க்கு 3.1. எம்10-க்கு 5.6. எம்12-க்கு 9.2. டேப் மழுங்கினால் இது இரட்டிப்பாகவும் ஆகும். இனி ஷாங்கைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. அளவில் வரும் ஹேண்ட் டேப்பில் எம்8-க்கு ஷாங்க் 8 மி.மீ., எம்10-க்கு 10 மி.மீ. எம்12-க்கு வந்தால் 9 மி.மீ. தான், வெட்டிய மரைக்குள் ஷாங்க் நுழைந்து போகவேண்டும் என்பதற்காக மரையைவிடச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். ஆக எம்8-லிருந்து எம்12-க்குப் போகும்போது முறுக்கு மூன்று மடங்கு ஏறுகிறது, சக் பிடிக்கிற விட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஏறுகிறது. நல்ல 13 மி.மீ. சக்கில் எம்8 வரை தைரியமாகப் போடலாம். எம்10-ஐக் கவனத்தோடு போடலாம். எம்12-ஐ வெறும் சக்கில் போடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

டேப்பைச் செய்தவர் அதைப் பிடிக்கும் வழியையும் அதிலேயே வைத்திருக்கிறார். ஷாங்கின் உருண்டைப் பகுதி டேப்பை நடுவில், நேராக நிறுத்துவதற்கு. வால் பக்கத்துச் சதுரம் டேப்பைச் சுற்றுவதற்கு. எம்6-க்குச் சதுரம் 5 மி.மீ., எம்8-க்கு 6.3, எம்10-க்கு 8, எம்12-க்கு 7.1. மூன்றாவதாக ஒரு தேவை உண்டு: மேலும் கீழும் டேப் தன் போக்கில் போகச் சுதந்திரம் வேண்டும். வட்டத்தால் நடுவைப் பிடி, சதுரத்தால் சுற்று, நீளவாக்கில் விட்டுவிடு. இந்த மூன்றையும் செய்கிற எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடு. ட்ரில் சக் முதல் வேலையை மட்டும் செய்கிறது. மூன்று ஜாக்களைக் கொண்டு நான்கு பக்கச் சதுரத்தைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் டேப் கோணலாக நிற்கும். உருண்டையைப் பிடித்தால் மூன்று மெல்லிய கோடுகளில் மட்டுமே தொடுகிறது, அதுவும் வழவழப்பான கடின ஷாங்கின் மேல்.

சக்கை விட்டால் வேறு வழியில்லை என்றால்

சாவி போட்டு இறுக்கும் இந்தச் சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ட்ரில்லுக்காக வந்த அந்த வடிவம் இன்றும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதிலிருந்து டேப்புக்குக் கிடைக்கக்கூடிய முழுப் பிடியையும் வாங்கிக்கொள்ளச் சில காரியங்கள் செய்யலாம்.

ஷாங்கையும் ஜாக்களையும் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். சதுரம் ஜாக்களைத் தாண்டி உள்ளே போகும்வரை டேப்பைச் செருகுங்கள். ஜாவின் முழு நீளமும் உருண்டைப் பகுதியின் மேல் உட்காரவேண்டும். சாவியை ஒரே ஓட்டையில் வைத்து முறுக்கி நிறுத்திவிடாமல் மூன்று ஓட்டைகளிலும் வரிசையாக இறுக்குங்கள். முதல் ஓட்டையில் இறுகியது போலத் தோன்றிய சக், மூன்றாவதில் இன்னும் கால் சுற்று போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பிறகு மார்க்கரால் ஜாவிலிருந்து ஷாங்குக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். ஒவ்வொரு துளை முடிந்ததும் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் டேப் வழுக்கியிருக்கிறது, சத்தம் கேட்காவிட்டாலும். செலவே இல்லாத இந்தச் சோதனையை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எமரி தாளைச் சுற்றி டேப்பைச் சக்கில் மாட்டுவது பல பட்டறைகளில் நடக்கிறது. செய்யாதீர்கள். தாளின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் டேப் நடுவிலிருந்து விலகும், எமரித் தூள் சக்கின் மரைக்குள் புகுந்து அதை அரிக்கும். சாவியில்லாத கீலெஸ் சக்கும் இந்த வேலைக்கு ஆகாது. முன்பக்கம் வெட்டும்போது அது தானாகவே மேலும் மேலும் இறுகும். டேப்பை வெளியே எடுக்க ஸ்பிண்டிலைத் திருப்பிச் சுற்றினால் அதே விசையில் தளரும். டேப் துளையில் நிற்க, சக் மட்டும் மேலே வரும்.

அடித்துளையில் டேப் முட்டினால் உடையாமல் வழுக்கட்டும் என்று சக்கை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்வாக விடுகிற வழக்கமும் உண்டு. இதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஒரு டேப் உடைந்து வேலைக்குள் மாட்டிக்கொண்டால் அதை எடுக்கப் படும் பாடு சின்னதல்ல. ஆனால் வழுக்கும் ஒவ்வொரு முறையும் ஜாவின் பிடிக்கும் விளிம்பு தேய்கிறது. சில மாதங்களில் அந்தச் சக் 2 மி.மீ. ட்ரில்லைக்கூட நேராகப் பிடிக்காது. வழுக்கல் வேண்டுமென்றால் அதற்கென்று கிளட்ச் வைத்த டேப்பிங் அட்டாச்மென்ட் இருக்கிறது.

சக் நிறுத்தட்டும், கை சுற்றட்டும்

பத்து இருபது துளைகளுக்குமேல் இல்லாத வேலைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். டேப்பைச் சக்கில் மாட்டி, மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் கைப்பிடியை மெல்ல அழுத்தி, மறு கையால் சக்கையோ பெல்ட் புல்லியையோ சுற்றுங்கள். மூன்று நான்கு மரை விழுந்ததும் சக்கைத் தளர்த்தி ஸ்பிண்டிலை மேலே ஏற்றுங்கள். துளையில் நேராக நிற்கும் டேப்பில் டேப் ஹேண்டிலை மாட்டி மீதியைக் கையால் முடியுங்கள். மரை கோணலாவது தொடக்கத்தில்தான். தொடக்கம் நேராக இருந்தால் பிறகு டேப் தன் வழியே போகும்.

இதைவிட நல்லது சென்டர் வைத்துப் போடுவது. பெரிய டேப்களின் வால் முனையில் கூம்பாக ஒரு சிறு குழி இருக்கும். சின்ன டேப்களில் அந்த முனையே கூராக இருக்கும். குழி இருந்தால் சக்கில் கூரான ஒரு சென்டரையும், கூர் இருந்தால் நுனியில் குழி போட்ட ஒரு துண்டு ராடையும் மாட்டி டேப்பின் வாலில் பொருத்துங்கள். டேப் ஹேண்டில் சதுரத்தைப் பிடித்துச் சுற்றுகிறது, மேலிருந்து சென்டர் நேராக நிறுத்துகிறது. டேப் இறங்க இறங்கச் சென்டரும் கூடவே இறங்க வேண்டும். கைப்பிடியை மெதுவாகப் பிடித்துக்கொண்டு வரலாம். உள்ளே ஸ்ப்ரிங் வைத்த டேப் கைடு இருந்தால் அது தானே இறங்கி வரும். லேத் இருக்கிற பட்டறையில் அதைச் செய்ய அரை மணி நேரம் போதும். ஒரு குழாய், அதற்குள் வழுக்கி ஓடும் ஒரு கூர்முனைத் தண்டு, பின்னால் ஒரு ஸ்ப்ரிங், தண்டு விழாமல் தடுக்க ஒரு பின்.

சொந்தமாக ஒரு ஸ்லீவ்

மெஷின் சுற்றலிலேயே டேப் போடவேண்டும், ஆனால் அட்டாச்மென்ட் வாங்க வசதியில்லை என்றால் ஒரு ஸ்லீவ் கடைந்துகொள்ளுங்கள். சதுரத்துக்கு அதன் வேலையைத் திருப்பிக் கொடுக்கிற எளிய வழி இது. எம்8 டேப்புக்கு அளவு சொல்கிறேன். மற்றவற்றுக்கு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

20 மி.மீ. ராடில் 70 மி.மீ. துண்டு எடுங்கள். எம்.எஸ். போதும், ஈ.என்.8 கிடைத்தால் இன்னும் நாள் வரும். ஒரு முனையில் 30 மி.மீ. நீளத்துக்கு 12.5 மி.மீ. விட்டமாகக் கடையுங்கள், சக்குக்குள் போகிற தண்டு அது. பிறகு திருப்பி, அந்தத் தண்டைப் பிடித்து, டயல் வைத்து ஓட்டம் 0.02 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மறுமுனையில் துளை போடுங்கள். இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டால் ஸ்லீவ் பயன்படாது; கோணலான ஸ்லீவ் அகன்ற மரையைத்தான் கொடுக்கும். துளையின் ஆழம் 30 மி.மீ. முதலில் 7.8 ட்ரில், பின் 8 மி.மீ. ரீமர். டேப்பின் ஷாங்க் கையால் தள்ளினால் நுழையவேண்டும், ஆடக்கூடாது.

எம்8 டேப்பின் சதுரம் 9 மி.மீ. நீளம். ஷாங்க் முழுவதும் உள்ளே போனால் சதுரம் துளையின் அடியில், வாயிலிருந்து 21 மி.மீ. முதல் 30 மி.மீ. வரை உட்காரும். எனவே வாயிலிருந்து 25 மி.மீ. தூரத்தில், எதிரெதிரே இரண்டு எம்5 கிரப் ஸ்க்ரூவுக்கு மரை போடுங்கள். ஸ்க்ரூவின் முனை தட்டையாக இருக்கவேண்டும். டேப்பைச் செருகி, சதுரத்தின் இரண்டு எதிர்ப் பக்கங்களில் ஸ்க்ரூக்கள் சமமாக உட்காரும்படி இறுக்குங்கள். ஒரே ஸ்க்ரூ போட்டாலும் சுற்றும்; ஆனால் டேப்பை ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால்தான் இரண்டு.

இப்போது டேப் ஸ்லீவுக்குள் வழுக்காது. ஸ்லீவ் சக்குக்குள் வழுக்கலாம் அல்லவா? அதற்கு 12.5 மி.மீ. தண்டில் 120 பாகைக்கு ஒன்றாக மூன்று தட்டைப் பக்கங்கள் வெட்டுங்கள், 0.6 மி.மீ. ஆழம் போதும். மூன்று ஜாக்களும் மூன்று தட்டைகளில் உட்கார்ந்துவிடும். ஷாங்கில் மூன்று தட்டை வைத்த ட்ரில்கள் கடையில் விற்பது இதே காரணத்துக்காகத்தான். டேப்பின் ஷாங்கிலேயே இப்படித் தட்டை தீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றும் சமமாக வருவது கைத்தீட்டலில் அரிது, அந்த டேப்பை அப்புறம் காலெட்டில் நம்பிப் போட முடியாது.

இதையே இரண்டு துண்டாகச் செய்தால் மூன்றாவது தேவையும் நிறைவேறும். சக்கில் நிற்கும் வெளிக்குழாயில் இரு பக்கமும் 15 மி.மீ. நீளத்துக்கு ஒரு காடி. டேப்பைப் பிடித்த உள்துண்டில் குறுக்கே 5 மி.மீ. பின். பின் காடியில் ஓடும். குழாய் சுற்றினால் டேப் சுற்றும், மேலும் கீழும் தாராளமாக நகரும். நாம் கைப்பிடியை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் மரை கெடாது. ஸ்பிண்டில் மேலேறும் வேகமும் டேப் கழன்று வரும் வேகமும் ஒத்துப்போகாதபோது, மோர்ஸ் டேப்பரிலிருந்து சக்கே உருவிக்கொண்டு வருவதும் இந்த ஏற்பாட்டில் நின்றுவிடும்.

பிடியைக் குறை சொல்லும் முன்

வழுக்கும் டேப்களில் பாதிக்குப் பாதி, துளை சிறிதாக இருப்பதால் வழுக்குகின்றன என்பது என் அனுபவம். எம்8-க்கு 6.8 ட்ரில் வேண்டும். பெட்டியில் 6.5 இருக்கிறது, 6.8 இல்லை, 6.5-ஐப் போட்டுவிடுகிறோம். எம்10-க்கு 8.5 இல்லாமல் 8. விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்தால் வருவதுதான் துளை, இதில் சமரசம் கூடாது. ஆழமான துளையிலும், இழுவையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் எம்8-க்கு 6.9 ட்ரில்கூடப் போடலாம். 6எச் தரத்தில் உள்விட்டத்தின் மேல் எல்லை 6.912 மி.மீ. ஆனால் ட்ரில் எப்போதும் தன் அளவைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டும் என்பதால், முதல் துளையை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

டேப்பின் வகையும் பிடியைப் பாதிக்கும். மெஷினில் போடும்போது, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவரும் துளைக்குத் துகளை முன்னால் தள்ளும் ஸ்பைரல் பாயின்ட் டேப்பையும், அடி மூடிய துளைக்குத் துகளை மேலே இழுக்கும் ஸ்பைரல் ஃப்ளூட் டேப்பையும் போடுங்கள். சாதாரண ஹேண்ட் டேப்பில் துகள் காடிக்குள்ளேயே அடைந்து முறுக்கை ஏற்றும். வார்ப்பிரும்பு மட்டும் விதிவிலக்கு: அதன் துகள் தூளாக உதிரும், நேர்க்காடி டேப்பே போதும். எம்.எஸ்.ஸுக்கு நல்ல கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்.

மில்லிங்கில்

மில்லிங் மெஷினில் உள்ள பெரிய லாபம், துளை போட்ட இடத்தை விட்டு டேபிள் நகராது என்பது. ட்ரில் முடிந்ததும் இரு பக்க லாக்கையும் இறுக்கிவிடுங்கள். பிறகு டேப்பை எதில் பிடிப்பது? சக்கைவிட ஈ.ஆர். காலெட் எவ்வளவோ மேல். ரெகோ-ஃபிக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த இந்தக் காலெட் ஷாங்கைச் சுற்றிலும் பிடிக்கிறது, மூன்று கோட்டில் அல்ல. எம்8 வரை சாதாரண ஈ.ஆர். காலெட்டே வழுக்காமல் பிடிக்கும். அதற்குமேல், உள்ளே சதுரக் குழி வைத்த டேப் காலெட் தனியாகக் கிடைக்கிறது. ஷாங்க் விட்டமும் சதுரமும் இரண்டுமே உங்கள் டேப்போடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ்.ஓ. டேப்பும் டின் டேப்பும் ஒரே மரைக்கு வெவ்வேறு ஷாங்க் வைத்திருக்கும்: எம்6-க்கு ஒன்றில் 6.3, மற்றதில் 6. காலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து, க்ளிக் என்று உட்காரவைத்த பிறகே ஹோல்டரில் போடவேண்டும். நேராக ஹோல்டரில் போட்டு நட்டை இறுக்கினால் காலெட் நடுவில் நிற்காது, கழற்றவும் வராது.

எண்ட் மில் பிடிக்கும் பக்க ஸ்க்ரூ ஹோல்டரில் டேப்பை நேரடியாகப் போடாதீர்கள். உருண்டை ஷாங்கின்மேல் ஸ்க்ரூ புள்ளியாகத்தான் தொடும். மேலே சொன்ன ஸ்லீவை அதில் போடலாம், தண்டில் ஸ்க்ரூவுக்கு ஒரு தட்டை வெட்டிக்கொண்டு.

டரட் மில்லிங்கில் க்வில்லின் பவர் ஃபீடை விடுவித்து, கைப்பிடியில் விரல் பாரம் மட்டும் வையுங்கள். டேப் க்வில்லை இழுத்துக்கொண்டு போகட்டும். வேகம் குறைய வேண்டும் என்று பேக் கியரில் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஸ்டெப் புல்லி வைத்த பிரிட்ஜ்போர்ட் வகைத் தலையில், பேக் கியர் விழுந்தால் ஸ்பிண்டில் சுற்றும் திசை மாறிவிடும். சுவிட்சில் எழுதியிருப்பதை நம்பாமல், டேப் துளையைத் தொடும் முன் காற்றில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். க்வில்லே இல்லாத தலையாக இருந்தால், டேபிளைக் கையால் ஏற்றி டேப்பின் பிட்சோடு ஒத்துப்போக யாராலும் முடியாது. அங்கே மிதக்கும் ஹோல்டர் கட்டாயம்.

அடி மூடிய துளையில் நிற்கும் தூரத்தையும் கணக்கிடுங்கள். 400 ஆர்.பி.எம்.மில் எம்8 டேப் ஒரு நொடிக்கு 8 மி.மீ.க்குமேல் இறங்குகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் ஸ்பிண்டில் ஒரு நொடி ஓடினால் டேப் அடியில் முட்டி உடையும். வேகத்தை 100-க்கோ அதற்கும் கீழோ கொண்டுவாருங்கள், அல்லது கடைசி நான்கு மரையைக் கையால் முடியுங்கள். வேலைத்துண்டு வைஸில் இருந்தால் மட்டும் போதாது, வைஸும் டேபிளில் போல்ட் போட்டு இருக்கவேண்டும். திரும்பிச் சுற்றும்போது டேப் வேலையை மேலே தூக்கப் பார்க்கும்.

நூற்றுக்கணக்கில் துளை இருந்தால் டேப்பிங் அட்டாச்மென்ட் வாங்கிவிடுங்கள். ரப்பர் காலெட் வைத்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் நாம் பேசிய எல்லாம் உள்ளே இருக்கும்: வட்டத்தை நடுவில் நிறுத்த ரப்பர் காலெட், சதுரத்தைப் பிடிக்க இரண்டு ஜா, அளவுக்கு மீறினால் நழுவும் கிளட்ச். வி.எம்.சி.யில் இந்தக் கவலை குறைவு. ரிஜிட் டேப்பிங் உள்ள மெஷினில் ஸ்பிண்டிலும் ஃபீடும் பூட்டிக்கொண்டு ஓடும். எம்8-க்கு 400 ஆர்.பி.எம். என்றால் ஃபீட் நிமிடத்துக்குச் சரியாக 500 மி.மீ. அந்த வசதி இல்லாத பழைய மெஷினில் மிதக்கும் ஹோல்டர் இல்லாமல் டேப்பிங் சைக்கிளை ஓட்டாதீர்கள்.

ஏற்கெனவே வழுக்கி, ஷாங்கில் வளையம் விழுந்த டேப்கள் உங்கள் பெட்டியில் இருக்கும். அவற்றை அப்படியே காலெட்டிலோ ஸ்லீவிலோ போட்டால் எழும்பி நிற்கும் பிசிறு உள்பக்கத்தைக் கீறிவிடும். எண்ணெய்க் கல்லில் ஷாங்கைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, நகத்தால் தடவினால் தட்டுப்படாதவரை பிசிறை எடுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, விட்டம் ஒரே சீராக இருந்தால் திரும்ப மெஷினுக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் வாலில் பெயின்ட் தடவி, டேப் ஹேண்டிலுக்கு மட்டும் என்று தனி டப்பாவில் வையுங்கள்.